அறுபத்துமூன்றாம் வரி

தலைகீழாகத்தான் எனக்கு இவர்களைத் தெரியும்.
கோர்ப்புச் சட்டத்தில் மல்லாந்து கிடக்கும்
மாநில அவையின் தொண்ணூற்றேழு பேர்.
பெயர், மாவட்டம், வயது, பிறந்த இடம், தொழில்,
மேடிசனில் தங்கும் விடுதி,
கடைசியில், ஓரெழுத்து மட்டும் நுழையும் பத்தி:
மணமானவர் என்றால் எம்,
ஆகாதவர் என்றால் எஸ்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பது, பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது.
மை உருளையை அடுப்பருகே படுக்கவைத்திருக்கிறோம்
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
எனக்குக் கூலி, பக்கத்து மேசை ஆணுக்குத் தருவதில்
பாதிக்குச் சற்று மேல்.
எழுத்துக்கு எடை ஒன்றுதான்.

விவசாயிகள் நாற்பத்திரண்டு.
வழக்கறிஞர் பத்தொன்பது
(இரைச்சலில் மற்ற எல்லோருக்கும் சமம்
என்கிறான் வாயிற்காவலன்).
மாவு ஆலைக்காரர்கள், ஒரு பல் வைத்தியர்,
ஒரு சவப்பெட்டித் தச்சர்,
தொழில் 'கனவான்' என்று எழுதியனுப்பிய ஒருவர்.
இந்த மண்ணில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை.
மாநிலத்துக்கே இன்னும் பதினொன்று முடியவில்லை;
இங்கே பிறந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் மூக்கைச் சிந்துகிறார்கள்.

ஹல்வர் கிர்க்கெபாக்கனும்
காஸ்பர் க்னிக்கல்பைனும் அடுத்தடுத்து வந்ததில்
தட்டில் 'கே' தீர்ந்துபோனது.
சமையல் அடுப்பு விளம்பரம் ஒன்றைப் பிரித்து
இரண்டு கடன் வாங்கினேன்.
அப்படித்தான் அவையில் அமர்ந்தார்கள்.

மெய்ப்பு பார்க்க வந்தார் லூசியன் ஸ்டெபின்ஸ்,
அறுபத்துமூன்றாம் வரி,
விவசாயி, வெர்மான்ட், நாற்பத்தொன்பது.
பூட்ஸில் பனி, கையில் தொப்பி.
கடைசிப் பத்தியில் நகத்தை வைத்து
"இது பிழை" என்றார்.
உங்கள் கையெழுத்தில் வந்த சீட்டுதான் ஐயா,
நவம்பரில் அனுப்பியது.
"நவம்பரில் சரி.
ஜனவரி ஒன்பது, செவ்வாயோ ஞாயிறோ, அதுவரைக்கும் சரி."

ஃபோர்மன் டியூக்ஸ்பரி தலை நிமிராமல்
"அப்படியானால் எஸ் போடு" என்றார்.

ஸ்டெபின்ஸ் கீழ்வரியைப் பார்த்தார்.
இராஸ்டஸ் பாம்ஃப்ரெட், வழக்கறிஞர், இருபத்தாறு,
சனிக்கிழமை நடனத்துக்கு
வாசனை எண்ணெய் தடவிப் போகிறவன்.
"அந்த எழுத்து அந்தப் பையனுடையது."

"பத்திக்கு இரண்டே எழுத்துதான்.
மூன்றாவது வேண்டுமென்றால் மசோதா கொண்டுவாருங்கள்,
ஆம், இல்லை என்று ஓட்டுப் போட்டு முடிவுசெய்யுங்கள்."

"ஓட்டிலேயே மூன்றாவது உண்டே" என்றார் அவர்,
சண்டைக்கில்லாமல், கணக்கு ஒப்பிப்பவர்போல.
"வராதவர் என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்."

அதற்குமேல் பேசவில்லை.
பிரிட்ஜ்மன் அம்மாள் விடுதியில்
ஆறு மணிக்கு மேல் சூப் கிடையாது, கிளம்பிவிட்டார்.
நின்ற இடத்தில் கொஞ்சம் தண்ணீர்.

வெளியாருக்குத் தெரியாது,
எங்கள் தொழிலில் வெற்றிடமும் ஈயம்தான்.
அச்சில் வார்த்தது, கையில் கனக்கும்.
எழுத்தைவிடக் குட்டை, அவ்வளவே;
மை அதன் தலைக்கு மேலே போய்விடும்.
அது இல்லையென்றால் வரி தளர்ந்து,
அழுத்தும்போது பக்கம் முழுக்க உதிரும்.

இடுக்கியால் எம்மைப் பிடுங்கினேன்.
குட்டை ஈயம் ஒன்றை அதே குழியில் இறக்கி
ஆப்பை இறுக்கினேன்.
டியூக்ஸ்பரி பார்த்தார்.
பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச்சில் புத்தகம் வந்தது, நீலத் தாள் அட்டை.
அந்த இடத்தில் எலி கடித்ததாக நினைத்தோ என்னவோ
ஒரு பிரதியில் யாரோ பென்சிலால் நிரப்பியிருந்தார்கள்,
எந்த எழுத்தென்று சொல்லமாட்டேன்.

பிடுங்கிய எம் தட்டுக்குத் திரும்பியது.
மறுநாள் கோர்த்தது அணைக்கட்டு மசோதா,
ஆலை என்ற சொல் இருபத்தொரு முறை;
அதில் ஏதோ ஒன்றுக்கு அது முதலெழுத்தாகியிருக்கும்.
தேடிப் பார்த்தேன்.
எல்லா எம்முக்கும் ஒரே முகம்.